வறண்ட மலைப்பகுதியில் தொழில் நடத்துபவர்களுக்கு: பூச்சி, எலி ஒழிப்பு நிறுவனத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மலைவிடுதி எழுதியது:

வணக்கம். மழை குறைந்த, உயரமான மலைப்பகுதியில் தங்கும் விடுதி நடத்துகிறேன். கீழே சமையலறையும் சரக்கறையும், மேலே அறைகள், அதற்கு மேல் மரக்கூரை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிர் நடுக்கும். பனிக்காலத்தில் சில நேரம் பாதையே அடைபட்டுவிடும்.

பூச்சி, எலி ஒழிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் கேட்டேன். முதல் நிறுவனத்தார் நேரில் வரவே இல்லை. போனில் சதுர அடியைக் கேட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் மருந்து அடிப்போம் என்றார்கள். தொகை மிகக் குறைவு. இரண்டாவது நிறுவனம் முழுக்க இயற்கை மருந்து, வாசனையே வராது, விருந்தினருக்குத் தெரியவே தெரியாது என்கிறது. மூன்றாவது நிறுவனத்திலிருந்து வந்தவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்கு அடியிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பின்னாலும் நுழைந்து பார்த்தார். அவர் கொடுத்த அறிக்கையில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கதவுக்கு அடியில் உள்ள சந்து, குழாய் நுழையும் ஓட்டை, வடிகால் என்று போகிறது. தொகை மற்ற இரண்டையும்விட நன்றாகவே அதிகம்.

என் பங்குதாரர், "வறண்ட இடத்தில் பூச்சியே குறைவு, இதற்கு எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

களப்பணியாளர் எழுதியது:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பங்குதாரர் சொல்வது வெளியில் நிற்கும்போது சரி. காற்றும் மண்ணும் காய்ந்திருந்தால் பல பூச்சிகள் வெளியே பிழைக்காது. அதனால்தான் அவை எல்லாம் உங்கள் கட்டடத்துக்குள் வருகின்றன. சுற்றுவட்டாரத்தில் தண்ணீரும் வெதுவெதுப்பும் நிலையாகக் கிடைக்கும் இடம் உங்கள் சமையலறைதான்.

சமையலறைகளில் இருக்கும் சின்னக் கரப்பானை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்மன் கரப்பான் என்பார்கள். உணவில்லாமல், தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் செத்துவிடும். ஈரப்பதம் நிறைந்த ஊரில் அதற்கு எங்கும் தண்ணீர், எங்கும் பரவியிருக்கும். வறண்ட ஊரில் சில இடங்களில் மட்டும் குவிந்திருக்கும்: பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடி, ஐஸ் இயந்திரத்தின் வடிகுழாய், குளிர்சாதனப் பெட்டியின் கீழே நீர் சேரும் தட்டு, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர், வரவேற்பறைச் செடித்தொட்டி. இந்தச் சில இடங்களைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சதுர அடி கணக்கில் கட்டடம் முழுக்க அடிப்பதால் அந்த இடங்கள் தெரியவராது.

இன்னொன்றையும் பாருங்கள், மலையில் இதைப் பலர் கவனிப்பதில்லை. தரை வடிகால்களிலும் அதிகம் புழங்காத குளியலறைகளிலும் குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடையின் நாற்றத்தையும் பெரிய கரப்பான்களையும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வறண்ட காற்றில் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். அறை சில வாரம் காலியாக இருந்தால் வளைவு காய்ந்து, சாக்கடைக்கும் அறைக்கும் நேர்வழி ஆகிவிடும். ஆள் வராத அறையிலும் குறித்த நாளில் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் போதும். நீண்ட நாள் பூட்டுவதாக இருந்தால் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் மினரல் ஆயில் ஊற்றி வைக்கலாம், ஆவியாவது குறையும். அந்த மூன்றாவது ஆள் வடிகாலைப் பார்த்தார் என்றீர்களே, பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்.

அப்புறம் சந்துகள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் இவ்வளவு மாறும் இடத்தில் மரம் சுருங்கும், விரியும். கதவோர ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். சுவர் விரிசலில் நீர் புகுந்து உறைந்தால் விரிசல் பெரிதாகும். போன ஆண்டு அடைத்த இடம் இந்த ஆண்டு திறந்திருக்கும். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழைகிற அளவு. பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் அளவு வேண்டும்.

ஆகவே எந்த நிறுவனமாக இருந்தாலும், விலை பேசுவதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்ததா, தண்ணீர் எங்கே, வெப்பம் எங்கே, வழி எங்கே என்று கேட்டதா, இதுதான் என் முதல் அளவுகோல். போனிலேயே விலை சொன்ன நிறுவனத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

சமையற்கட்டு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் உணவகமும் வறண்ட மலைப்பகுதியில்தான் இருக்கிறது. பல வருடமாக மாதாமாதம் மருந்து அடிக்கிறார்கள், கரப்பான் தொல்லை இல்லை. நீளமான அறிக்கை எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் உள்ள வேலையெல்லாம் நம் தலையில்தான் விழும். இந்த ஓட்டையை அடையுங்கள், அந்த ஷட்டரை மாற்றுங்கள், இங்கே கசிவை நிறுத்துங்கள். அப்புறம் எலி வந்தால், "நாங்கள் சொன்னோமே, நீங்கள் செய்யவில்லை" என்று கைவிரித்துவிடுவார்கள். உத்தரவாதம் என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். சின்ன வியாபாரத்தில் ஆள் பற்றாக்குறை. அடுப்பில் நிற்பவரைக் கூப்பிட்டு ஓட்டை அடைக்கச் சொல்ல முடியுமா?

தணிக்கைக்கண் எழுதியது:

சமையற்கட்டு சொல்லும் குறை உண்மையானது. உணவுப் பாதுகாப்புத் தணிக்கையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரே பரிந்துரை பதிவேட்டில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும், யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரு தரப்பும் பழி வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், எலி நிம்மதியாக இருக்கிறது.

இதற்கு வழி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அடைப்பு வேலையை யார் செய்வார்கள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எஃகு நார், செம்பு வலை, 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண் கொண்ட கம்பிவலை, கதவடித் தகடு, இவற்றை வைத்து அடைக்கும் சிறு வேலைகள் நிறுவனத்தின் பொறுப்பில் வரட்டும். ஷட்டர் மாற்றுவது, குழாய் பழுது போன்றவை உங்கள் பொறுப்பு. அதற்கும் ஒரு கெடு தேதி போடுங்கள். வெறும் நுரையைப் பீய்ச்சி அடைத்துவிட்டுப் போகிறவர்களிடம் ஜாக்கிரதை. நுரையை எலி கடித்துக் குடைந்துவிடும். நுரைக்குள் உலோக வலை இருக்க வேண்டும்.

பிறகு பதிவேடு. நான் முதலில் பார்ப்பது கட்டட வரைபடம். அதில் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண், ஒவ்வொரு வருகையிலும் அந்தப் பொறியில் என்ன இருந்தது என்ற குறிப்பு. இருந்ததா இல்லையா என்பதோடு விடாமல் எத்தனை, எந்த இனம் என்றும் எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் "எல்லாம் சரி" என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மலையில் பருவத்துக்குப் பருவம் பூச்சி மாறும், எண்ணிக்கை ஏறி இறங்கும். ஏறாமல் இறங்காமல் இருக்கும் பதிவேடு பெரும்பாலும் பொறியைத் திறந்து பார்க்காமல் எழுதியது.

பயன்படுத்தும் மருந்து ஒவ்வொன்றின் லேபிளும் பாதுகாப்புத் தாளும் கோப்பில் இருக்கிறதா, வருபவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை இல்லாமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

களப்பணியாளர் எழுதியது:

மாதாமாதம் அடிப்பது பற்றி. சமையற்கட்டு, உங்கள் உணவகம் சுத்தமாக இருப்பதற்கு உங்கள் ஆட்கள் இரவு தரையைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போவதும் காரணமாக இருக்கலாம். கசிவில்லாத, இரவில் காய்ந்து கிடக்கும் சமையலறை கரப்பானுக்குப் பாலைவனம். மருந்துக்குக் கிடைக்கும் பெயரில் பாதி அந்தத் துடைப்பத்துக்குச் சேர வேண்டும்.

ஜெர்மன் கரப்பானுக்குப் பைரத்ராய்டு வகை மருந்துகளை (தெளிப்பு மருந்துகளில் பரவலாக இருக்கும் வகை) எதிர்க்கும் திறன் உலகம் முழுக்கப் பரவலாக வந்துவிட்டது. இந்த வகை மருந்தை எல்லா இடத்திலும் தெளித்தால் சாகாதவை சுவர் சந்துக்குள் சிதறும். ஜெல் இரை என்பது கரப்பான் தின்று சாகும்படி நஞ்சு கலந்த கூழ்; அதன் மேல் தெளித்துவிட்டால் கரப்பான் அந்த ஜெல்லைத் தொடாது. ஆகவே கரப்பானுக்கு இப்போது முதல் கருவி ஜெல் இரைதான்.

ஆனால் வறண்ட காற்றில் ஜெல்லுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே ஆடை கட்டிக் காய்ந்துவிடும், காய்ந்த இரையைக் கரப்பான் விரும்பாது. இங்கே பெரிய சொட்டாக வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வருவது பயன்படாது. சின்னச் சின்னச் சொட்டாக, ஈரமுள்ள சந்துக்குப் பக்கத்தில் வைத்து, சீக்கிரமாகவே திரும்பி வந்து புதுப்பிக்க வேண்டும். "ஜெல் காய்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நிறுவனத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். மலையில் வேலை பார்த்தவர் உடனே பதில் சொல்லுவார்.

பசை அட்டையும் இப்படித்தான். தூசு படிந்தால் ஒட்டாது, கடும் குளிரில் பசை விறைத்துவிடும். சூடாக்காத கிடங்கில் பனிக்காலத்தில் பசை அட்டையை நம்பி "எலி இல்லை" என்று எழுதுவது ஏமாற்று வேலை.

வெளிச்சுவரில் அடிக்கும் மருந்துக்கும் மலையில் ஆயுள் குறைவு. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். வெயில் படும் சுவரில் மருந்து சீக்கிரம் சிதையும். இரண்டாவது நிறுவனம் சொல்லும் இயற்கை மருந்து செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரத்ரினாக இருந்தால், அது வெயிலில் மிக விரைவாகவே வீரியத்தை இழந்துவிடும். கண்ணெதிரே இருக்கும் பூச்சியைக் கொல்லும், நாளை வருவதைத் தடுக்காது. அவர்கள் என்ன மருந்து என்று பெயர் சொல்கிறார்களா? பெயரைக் கேளுங்கள்.

வறட்சி நமக்கு உதவும் ஓர் இடமும் உண்டு. டயட்டமேசியஸ் மண், சிலிக்கா தூள் ஆகியவை பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி, உடலின் நீரை வற்ற வைத்துக் கொல்பவை. ஈரமான ஊரில் இவை மந்தமாக வேலை செய்யும். உங்கள் ஊர்க் காற்றில் சுவர் இடுக்கிலும் ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னாலும் மெல்லியதாகத் தூவி வைத்தால் ஈரம் படாதவரை நீண்ட காலம் வேலை செய்யும். நச்சு மருந்தைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மலைப்பகுதியில் இது பெரிய வாய்ப்பு. தூவும்போது மூச்சில் போகாமல் முகமூடி போட வேண்டும், அவ்வளவுதான்.

கிடங்குச்சாவி எழுதியது:

தானியம், பருப்பு, மாவு வைக்கும் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சரக்கறை பற்றி எழுதுகிறேன்.

வறண்ட குளிர்ந்த இடத்தில் சரக்கு கெடாது என்ற நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. ஈரம் மிகக் குறைந்த தானியத்தில் கூன்வண்டு பெருகத் திணறும், மாவுச் சிற்றுண்ணி பிழைக்காது, அதுவரை சரி. ஆனால் மாவு வண்டு வறட்சியைத் தாங்கும். கப்ரா வண்டு அதைவிட மோசம். நன்றாகக் காய்ந்த தானியத்திலும் பெருகும்; அதன் மயிரடர்ந்த புழு உணவில்லாமல், சுவர் வெடிப்பில் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். குளிர் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, சூடாக்கிய சரக்கறையில் ஒருநாள் தலைகாட்டும். பல நாடுகள் இதைத் தடைசெய்யப்பட்ட பூச்சியாக வைத்திருக்கின்றன. கண்டால் மறைக்காமல் அதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும்.

என் பெரிய கவலை புகையூட்டுதல்தான். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்துதான் பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. காற்று வறண்டும் குளிர்ந்தும் இருந்தால் வாயு மெதுவாகத்தான் வெளியாகும். பூச்சியும் குளிரில் மெதுவாக மூச்சு விடுவதால் நஞ்சு உள்ளே போவது குறையும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்றே லேபிள்களில் பொதுவாக இருக்கும். குளிர் கூடக்கூட மூடி வைக்கும் நாட்களும் கூட வேண்டும். சமவெளியில் பழகிய ஆள் அங்குள்ள நாள்கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் இரண்டு கேடு. ஒன்று, பூச்சி முழுதாகச் சாகாது, மிஞ்சியது எதிர்ப்புத்திறனோடு பெருகும். இரண்டாவது உயிர் போகும் விஷயம். வினைபுரியாமல் மிஞ்சிய தூளைச் செத்த தூள் என்று நினைத்து ஆட்கள் அள்ளுவார்கள், அது அப்போதும் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் தீப்பற்றவும் கூடும்.

மலைவிடுதிக்கு நேரடியாகச் சொல்கிறேன். விருந்தினர் தூங்கும் கட்டடத்தில் சரக்கறைக்குப் பாஸ்பீன் போடலாம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால் உடனே அனுப்பிவிடுங்கள். சுவர் இடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போய்ச் சேரும் வாயு அது. உங்கள் அளவு சரக்குக்கு உறைபெட்டி போதும். மைனஸ் 18 டிகிரியில் மூட்டையின் நடுப்பகுதி வரை குளிர் இறங்கும்படி நான்கைந்து நாள் வைத்தால் சரக்கறைப் பூச்சிகள் பெரும்பாலானவை முட்டையோடு செத்துவிடும். கப்ரா புழு மட்டும் குளிரைத் தாங்கும் வகை, அதற்கு இது போதாது. அந்துப்பூச்சிக்குக் கவர்ச்சிப் பொறி தொங்கவிட்டால் எப்போது, எந்த மூலையில் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

புதுக்கடை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் விருந்தினர் இல்லத்தைப் பனிக்காலத்தில் பூட்டிவிடுவோம், சூடாக்குவதும் இல்லை. மூட்டைப்பூச்சி இருந்தால் அந்தக் குளிரிலேயே செத்துவிடும், செலவு வேண்டாம் என்று சொல்கிறார்கள். உண்மையா?

களப்பணியாளர் எழுதியது:

இல்லை, புதுக்கடை. மூட்டைப்பூச்சியைக் குளிரால் கொல்ல மைனஸ் 18 டிகிரி தொடர்ந்து நான்கு நாள் தேவை, அதுவும் மெத்தையின் உள்ளே அந்தக் குளிர் இறங்க வேண்டும். பூட்டிய கட்டடத்தில் மெத்தைக்குள் அவ்வளவு குளிர் தொடர்ச்சியாக நிற்காது. மிதமான குளிரில் அதன் உடல் மந்தமாகி, இரத்தம் குடிக்காமல் இன்னும் நீண்ட காலம் கிடக்கும். பூட்டி வைப்பதால் பூச்சியைப் பத்திரப்படுத்தி வைக்கிறீர்கள்.

மூட்டைப்பூச்சிக்கு வெப்பச் சிகிச்சைதான் நம்பகமானது. அறையின் ஒவ்வொரு இடுக்கும் 50 டிகிரியைத் தொட்டு அங்கேயே சில மணி நேரம் நிற்க வேண்டும். குளிர்ந்த கல்சுவர், தரை விளிம்பு ஆகியவை கடைசியில்தான் சூடாகும். அங்கெல்லாம் வெப்பமானி வைத்து அளவைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். அறையின் நடுவில் மட்டும் அளந்துவிட்டு முடிந்தது என்பவர்கள் வேண்டாம்.

கூரையில் வௌவால் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வௌவாலின் மேல் வாழும் ஒரு பூச்சி மூட்டைப்பூச்சி போலவே இருக்கும், உருப்பெருக்கியில்தான் வித்தியாசம் தெரியும். வௌவால் கூரையை விட்டுப் போனதும் அது அறைக்குள் இறங்கும். இனத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் எல்லாக் கட்டிலையும் சூடாக்கினால் பணம் வீண். வௌவால் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. குட்டி பறக்கப் பழகாத காலத்தில் கூரையை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். இதை அறிந்து நாள் குறிப்பவரே சரியான ஆள்.

மலைவிடுதி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு விஷயம். பனிக்காலத்தில் வெயில் அடிக்கும் நாட்களில் மேல்மாடி ஜன்னல்களில் நூற்றுக்கணக்கான ஈ. மந்தமாகப் பறந்து கண்ணாடியில் மோதும். விருந்தினர்கள் எங்கோ எலி செத்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். முதல் நிறுவனம் கூரைக்குள் புகை அடித்துக் கொன்றுவிடுகிறோம் என்கிறது. இரண்டாவது விஷயம், கூரைக்கு அடியில் எலிப்புழுக்கை நிறைய இருக்கிறது. பெருக்கச் சொல்லி ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

தணிக்கைக்கண் எழுதியது:

பெருக்கும் ஆளை முதலில் நிறுத்துங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினாலோ சாதாரண வாக்குவம் கிளீனரால் இழுத்தாலோ தூசு காற்றில் எழும். எலிகள் சுமக்கும் ஹன்டா வைரஸ் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மனிதனுக்கு வருகிறது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கே, நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டு நிலத்தில் இளவயதினர் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் இதன் ஒரு கொடிய வகை அடையாளம் காணப்பட்டது. மான் நிறச் சுண்டெலி இனம் ஒன்றுதான் அதைச் சுமந்தது.

தங்கும் விடுதி நடத்தும் எல்லோரும் 2012இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். குளிருக்காக இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய கூடாரக் குடில்களில், அந்த இரண்டு சுவருக்கும் நடுவே சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. அந்தக் கோடையில் பூங்காவுக்கு வந்தவர்களில் 10 பேருக்கு நோய் வந்தது, 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அந்தக் குடில்களில் தங்கியவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல குடில்கள். எலி நுழைய வழி இருந்தது, உள்ளே யாரும் பார்க்கவில்லை.

முறை இதுதான். கதவு, ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட்டம் விட்டு வெளியே வந்துவிடுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அப்போதே கலந்து, புழுக்கை நன்றாக நனையும்படி மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து மூடிய பையில் போடுங்கள். கூரை முழுக்க நிறைய இருந்தால் உங்கள் ஆளை ஏற்றாதீர்கள், சரியான சுவாசக் கவசம் உள்ள நிறுவனத்தார் செய்யட்டும். மூன்று நிறுவனங்களிடமும் "எலிப்புழுக்கையை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். துடைப்பம் என்று பதில் வந்தால் உங்களுக்கு முடிவு கிடைத்துவிட்டது.

களப்பணியாளர் எழுதியது:

ஈயைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் விவரிப்பது பார்த்தால் குளிர்கால உறக்கத்துக்காகக் கூரையில் கூட்டமாகத் தங்கும் ஈ போலத் தெரிகிறது. இவை குப்பையிலும் சமையலறையிலும் பிறப்பதில்லை. இவற்றின் புழு மண்புழுவின் உடலில் வளரும். விடுதியைச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சும் புல்வெளி இருக்கிறதா? வறண்ட மலையில் மண்புழு இருக்கும் இடமே அதுதான். கோடை முடியும்போது இவை வெயில் படும் உயரமான சுவரில் மொய்த்து, ஓட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைந்துவிடும். பனிக்காலத்தில் வெயிலடித்துக் கூரை சூடானால் வசந்தம் வந்துவிட்டதென்று எழுந்து, வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்கு வரும்.

இப்போது கூரைக்குள் புகை அடித்தால் ஆயிரக்கணக்கில் செத்து அங்கேயே கிடக்கும். அந்தப் பிணங்களைத் தின்னக் கம்பள வண்டு வரும். அதன் புழு அப்புறம் கம்பளி, கம்பளம் என்று உங்கள் அறைகளுக்குள் இறங்கும். ஜன்னலுக்கு வருவதை வாக்குவம் கிளீனரால் இழுத்து வெளியே கொட்டுங்கள். அடுத்த கோடை முடியும் முன் கூரை விளிம்பையும் காற்றுத் துளைகளையும் மெல்லிய வலையால் அடைத்துவிடுங்கள். வெளிச்சுவரில் மருந்து தேவை என்றாலும் அந்த ஒரு பருவத்தில், ஈ வந்து உட்காரும் மேல் சுவரில் மட்டும்.

எலிக்கும் காலம் அதுதான். இரவு குளிரத் தொடங்கியதும் அவை உள்ளே வர வழி தேடும். அதற்கு முன் அடைத்தால் வெளியே நிறுத்தலாம். பனி விழுந்த பின் அடைத்தால் உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். வருடத்தின் முக்கியமான வருகை கோடைக் கடைசியில் வர வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டாகச் சமமாகப் பிரித்துத் தரும் திட்டத்தில் இதைக் காணமுடியாது. பனிக்காலத்தில் குறைத்து, வசந்தத்தில் பனி உருகியதும் ஒன்று, கோடைக் கடைசியில் நெருக்கமாக இரண்டு மூன்று என்று கேளுங்கள்.

சமையற்கட்டு எழுதியது:

சரி, ஈ விஷயம் எனக்குப் புதிது. எங்கள் மாடியிலும் இதே கதைதான், நாங்களும் புகைதான் அடித்துக்கொண்டிருக்கிறோம். அடைப்பு வேலையை நிறுவனமே எழுத்தில் ஏற்றுக்கொண்டால் நானும் அந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு மாறத் தயார்.

எலி விஷம் பற்றி ஒரு கேள்வி. வெளியே சுற்றிலும் விஷப்பெட்டி வைத்தால் போதாதா?

களப்பணியாளர் எழுதியது:

மலையில் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். ப்ரோடிஃபாகூம், ப்ரோமாடியோலோன் போன்ற விஷங்கள் இரத்தம் உறையாமல் செய்து கொல்பவை. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் அது தடுமாறிக்கொண்டு வெளியே திரியும், ஆந்தையும் கழுகும் நரியும் அதைப் பிடித்துத் தின்னும். விஷம் அவற்றின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். உங்களுக்காக இலவசமாக எலி பிடித்துக்கொண்டிருந்த ஆந்தையை நீங்களே கொல்கிறீர்கள். வீட்டு நாய் தின்றால் வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது. காட்டு ஆந்தைக்கு யார் கொடுப்பது? சுவருக்குள் செத்தால் நாற்றம் வேறு.

உள்ளே அடிப்பொறிகளே போதும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குள்தான் சுற்றும். பொறியை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்காமல் சுவரோரமாக இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக வைக்க வேண்டும். காய்ந்த தானியத்திலிருக்கும் கொஞ்ச ஈரமே சுண்டெலிக்குப் போதும், எனவே தண்ணீர் இல்லாத சரக்கறையையும் விடாதீர்கள். பெரிய எலிக்குத் தினம் தண்ணீர் வேண்டும், அதன் தடம் கசியும் குழாயை நோக்கிப் போகும். வெளியே சுவரை ஒட்டிச் செடி, விறகுக் குவியல் இல்லாமல் ஜல்லி பரப்பி வையுங்கள். மறைவிடம் இல்லாத வெட்ட வெளியைக் கடக்க எலி தயங்கும்.

மலைவிடுதி எழுதியது:

பங்குதாரரோடு உட்கார்ந்து இந்த இழையை முழுதும் படித்தோம். புழுக்கை வேலையை நிறுத்திவிட்டேன். மற்ற இரு நிறுவனங்களுக்கும் போன் செய்து கேட்டேன். இயற்கை மருந்து நிறுவனம் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை, "எங்கள் சொந்தக் கலவை" என்றார்கள். முதல் நிறுவனத்தார் புழுக்கையை உங்கள் ஆட்களே பெருக்கிவிடுங்கள் என்றார்கள். மூன்றாவது நிறுவனத்தோடு பேசப்போகிறோம். சிறு அடைப்பு வேலை அவர்கள் பொறுப்பு, வரைபடமும் எண்ணிட்ட பொறிகளும், கோடைக் கடைசியில் கூடுதல் வருகை, விஷம் வெளியே வைப்பதானால் எங்கள் எழுத்துச் சம்மதம், இவற்றைக் கேட்கப்போகிறோம். பாதை அடைபடும் வாரங்களுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வராத வருகைக்கும் பணம் கேட்பார்களோ?

தணிக்கைக்கண் எழுதியது:

அதற்கு ஒரு பிரிவு போடுங்கள். பாதை அடைபட்டால் வருகை தள்ளிப்போகும், ரத்தாகாது. திறந்த ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். அந்த இடைவெளியில் உள்ளே இருக்கும் பொறிகளை உங்கள் ஆள் ஒருவர் பார்த்து எண்ணைக் குறித்து வைக்கட்டும். பனிக்காலம் தொடங்கும் முன் அந்த ஆளுக்கு நிறுவனம் பயிற்சி தர வேண்டும் என்றும் எழுதுங்கள். புழுக்கை, கையுறை, ப்ளீச் பற்றியும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வெளியே வைத்த பெட்டிகள் பனிக்குள் புதைந்துவிடும், அவற்றின் இடத்தில் ஒரு கம்பு நட்டு வைத்தால் வசந்தத்தில் ஒன்றுகூட விடுபடாமல் எடுக்கலாம்.